ஈரலின் காவல்காரர்கள் – அத்தியாயம் 9

நாத்தனார் விராக் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "அண்ணி, என் இடத்துல நீங்க இருந்தா இந்த ஊசியைப் போட்டுப்பீங்களா?"

கழுவிய தட்டைத் துடைத்துக்கொண்டே எமெஷெ சொன்னாள்: "போட்டுப்பேன்."

அது நடந்து பத்து நாளாகிறது. சென்ற வார அத்தியாயத்தில் அந்தச் சமையலறையில் நம்மோடு நின்றவர்களுக்கு, எமெஷெ ஏன் அந்த ஒரு தட்டையே அவ்வளவு நேரம் துடைத்தாள் என்று தெரியும். மற்றவர்களுக்கு இங்கே சொல்லிவிடலாம்.

விராக்குக்கு முப்பத்து நாலு வயது. பள்ளிக்கூடத்தில் நீச்சல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள். எட்டு வருஷமாக அவள் ஈரலுக்குள் பித்தக் குழாய்கள் ஒவ்வொன்றாக அழிந்துகொண்டிருந்தன. கண் மஞ்சள், ஓயாத அரிப்பு. தூக்கத்தில் கெண்டைக்காலை ரத்தம் வரும்வரை சொறிந்துவிடுவாள். நீச்சல் குளத்தில் பிள்ளைகள் அந்தக் கால்களைப் பார்த்ததும் வேலையை விட்டாள்.

அவள் அப்பா பேராசிரியர் லோராண்ட். குழாயின் உள்சுவரில் இருக்கும் செல்களில் ஒரு மரபணு அளவுக்கு மீறி வேலை செய்வதால்தான் இந்த நோய் வருகிறது என்று முப்பது வருஷத்துக்கு முன்னால் சொன்னவர் அவர். அந்த மரபணுவின் வாயை மூடும் மருந்து இப்போதுதான் ஊசியாக வந்திருக்கிறது. புடாபெஸ்டில் ஒரு சிகிச்சை நிலையத்தில் முதல் சோதனை. பன்னிரண்டு நோயாளிகள். அவர்களில் விராக்கும் ஒருத்தி. திங்கட்கிழமை அவளுக்கு முதல் ஊசி.

எமெஷெ அந்த வீட்டின் மருமகள். மாமனாரின் லேபில்தான் அவளுக்கும் வேலை. மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் ஒன்றைப் பார்த்தாள். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை.

*

சனிக்கிழமை காலை ஸொல்னோக் ஊரே ஆற்றங்கரைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது எமெஷெ லேபுக்குக் காரை விட்டாள். அன்று மாமனாருக்குப் பணி ஓய்வு விருந்து. டிசா ஆற்றங்கரை வீட்டில் இருபது பேருக்குச் சாப்பாடு. வெங்காயம் உரிக்க ஆள் வேண்டும் என்று கணவன் பாலிண்ட் ஏற்கெனவே இரண்டு தடவை போன் பண்ணியிருந்தான். ஒரு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தாள்.

எலி அறையில் விளக்கு மங்கலாகத்தான் எரியும். கவுனும் கையுறையும் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். கதவோரக் கூண்டில் மருந்து போடாத எலிகள் காகிதத்தைக் கிழித்துக் கூடு கட்டிக்கொண்டிருந்தன. அடுத்த கூண்டு மருந்து போட்டவை. அங்கே சத்தமே இல்லை.

ஒன்று செத்துக் கிடந்தது. மற்றவை ஒரு மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு, மயிர் சிலிர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்தாள். வயிறு சில்லென்று இருந்தது.

இது மூன்றாவது தடவை. முதல் தடவை ஏதோ தவறு நடந்திருக்கும் என்று நினைத்தாள். இரண்டாவது தடவையும் அதே முடிவு. ஒரு நல்ல ஆராய்ச்சியாளர் அங்கேயே எழுந்துபோய் மேலதிகாரியின் கதவைத் தட்டியிருக்க வேண்டும். அவள் மூன்றாவது தடவையாக ஒரு கூண்டை நிரப்பினாள். உறுதி செய்துகொள்வதற்காக என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். நாளைக் கடத்துவதற்காகத்தான் என்று அப்போதே அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவள் பார்த்தது இதுதான். மாமனார் காலத்தில் ஈரலை அப்படியே எடுத்து அரைத்துத்தான் சோதிப்பார்கள். மரபணு வேலை செய்கிறது என்று தெரியும், எந்தச் செல்லுக்குள் என்று தெரியாது. குழாய் நோயில் அது கூடுவதால் குழாய்ச் செல்தான் என்று அவர் முடிவு கட்டினார். உலகமும் ஒத்துக்கொண்டது.

எமெஷெ வளர்த்தது வேறு மாதிரி எலிகள். ஒரு கூட்டத்தில் குழாய்ச் செல்லுக்கு மட்டும்தான் ஒளிரத் தெரியும். இன்னொரு கூட்டத்தில் ஈரலின் காவல் செல்லுக்கு மட்டும். குடலிலிருந்து ரத்தத்தில் வந்து சேரும் கிருமிகளைப் பிடித்து விழுங்குவதற்காக ஈரலில் உட்கார்ந்திருக்கும் செல்கள் அவை. அந்த மரபணு விழித்தால் அந்தச் செல் ஒளிரும். எலிக்கு மயக்கம் கொடுத்து இருட்டுப் பெட்டிக்குள் படுக்க வைத்தால் உள்ளே இருக்கும் கேமரா அதைப் பார்த்துச் சொல்லும். எலி மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே, எந்தச் செல் வேலை செய்கிறது என்று தெரிந்துவிடும்.

குழாய்ச் செல் எலிகளின் வயிறு இருட்டாகவே இருந்தது. காவல் செல் எலிகளின் வயிறு பளிச்சென்று எரிந்தது.

அப்படியானால் அந்த ஊசி நோயைக் கொடுக்கிறவனின் வாயை மூடவில்லை. காவல்காரனின் வாயை மூடுகிறது.

சோதனைக்கு முன்னால் மருந்தைச் சுத்தமான கூண்டு எலிகளுக்குத்தான் கொடுத்திருந்தார்கள். கிருமியே இல்லாத இடத்தில் காவல்காரன் தூங்கினால் யாருக்குத் தெரியும்? எமெஷெ சாதாரணக் கூண்டில் வைத்தாள். ஆரோக்கியமான எலி சட்டை செய்யாத ஒரு குடல் கிருமியைக் கொஞ்சம் கொடுத்தாள். அதன் பலன்தான் இப்போது அவள் உள்ளங்கையில் சில்லென்று இருந்தது.

மீதி எலிகளுக்கு வலி நீளாமல் முடித்துவைக்க வேண்டியது அவள் பொறுப்பு. பதினைந்து வருஷமாகச் செய்துவரும் வேலை. இன்று ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டே செய்தாள். மூன்றாவது கூண்டை அவள் தொடங்கியே இருக்கக் கூடாது.

கையுறையைக் கழற்றும்போது முடிவு பண்ணிக்கொண்டாள். இன்று விருந்து முடிந்ததும் விராக்கிடம் சொல்லிவிடுவது. திங்கட்கிழமைக்கு முன்னால் சொன்னால் போதும். இன்னும் நேரம் இருக்கிறது.

நேரம் இருக்கிறது என்ற நினைப்பே ஆற்றங்கரை வரைக்கும் அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

*

பாலிண்ட் முற்றத்தில் கொப்பரைக்கு முன்னால் வியர்வையோடு நின்றிருந்தான். கெண்டை மீன் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. மிளகாய்த்தூள் போட்டு மேலே சிவப்பாக எண்ணெய் மிதந்தது. பேராசிரியர் மகனாகப் பிறந்து ரயில் எஞ்சின் ஓட்டப் போனவன் அவன். அப்பா எலி ஓட்டுகிறார், நான் ரயில் ஓட்டுகிறேன், என் வண்டி சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேரும் என்று எல்லா விருந்திலும் சொல்வான்.

"வந்துட்டியா? வெங்காயம் எல்லாம் நானே அழுதுக்கிட்டே உரிச்சு முடிச்சாச்சு. எலிங்களுக்கு இன்னைக்காவது லீவு விடக்கூடாதா?"

"ஒரு கூண்டு பார்க்க வேண்டியிருந்தது."

"முகம் ஏன் இப்படி இருக்கு?"

அவனிடமாவது இப்போதே சொல்லிவிடலாம் என்று தோன்றியது. "பாலிண்ட், உங்கிட்ட ஒன்னு சொல்லணும்" என்று தொடங்கினாள். கொப்பரையின் கைப்பிடியைப் பிடித்துக் குலுக்கச் சொன்னான் அவன். கரண்டி போட்டால் மீன் உடைந்துவிடும். குலுக்கினாள். அதற்குள் வாசலில் இரண்டு கார்கள் வந்து நின்றன. மாமனாரின் பழைய மாணவர்கள், வழுக்கைத் தலைகளும் மதுப் புட்டிகளுமாக இறங்கினார்கள். பாலிண்ட் கையைத் துடைத்துக்கொண்டு ஓடினான்.

சொல்லாமல் விட்டதில் அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது. நிம்மதி வந்ததற்காக வெட்கமும் கூடவே வந்தது.

லோராண்ட் ஆற்றைப் பார்த்துப் போட்ட மேசையில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். எழுபது வயது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. மருமகளைப் பார்த்ததும் கையை உயர்த்திக் கூப்பிட்டு, பக்கத்தில் இருந்தவர்களிடம், என் லேபை இனிமேல் பார்த்துக்கொள்ளப் போவது இவள்தான் என்று சொன்னார். அவள் பிள்ளைப்பேற்றுக்காக ஒன்றரை வருஷம் வேலைக்கு வராமல் இருந்தபோது, அவள் மேசையில் வேறு யாரையும் உட்காரவிடாமல் காத்தவர் அவர். அந்த மேசையில் உட்கார்ந்துதான் அவள் இதைக் கண்டுபிடித்தாள்.

பூண்டு எடுத்து வரும் சாக்கில் வீட்டுக்குள் போனாள். சாமான் அறையில் விராக் நின்றிருந்தாள்.

கையில்லாத கவுன் போட்டிருந்தாள். அவளை அப்படிப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கையில் பழைய நகக்கீறல்கள் பொருக்குத் தட்டியிருந்தன. புதுக் கீறல் ஒன்றும் இல்லை.

"கதவைச் சாத்துங்க அண்ணி. ஒரு விஷயம். அப்பா சாப்பாட்டுக்கு அப்புறம் எல்லார் முன்னாடியும் சொல்லப்போறார். உங்ககிட்ட முன்னாடியே சொல்லாம இருக்க முடியல."

"என்ன?"

விராக் கவுனின் ஓரத்தை விலக்கி இடுப்பைக் காட்டினாள். சின்னதாக வட்டமான பிளாஸ்திரி.

"வியாழக்கிழமையே போட்டாச்சு. அன்னைக்கு வரவேண்டிய ஒருத்தருக்கு நாள் மாத்தினாங்களாம், எனக்கு முன்னாடியே இடம் கிடைச்சுது. அப்பாதான் கார் ஓட்டிட்டுப் போனார். நேத்து ராத்திரி முழுசா தூங்கினேன் அண்ணி. ஒரு தடவைகூட எழுந்திரிக்கல. சொறியவே இல்ல."

எமெஷெ மாவு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

விராக் முதலில் அதைச் சந்தோஷம் என்றுதான் நினைத்தாள். குனிந்து முகத்தைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு நின்றது.

எமெஷெ சொன்னாள். எப்படித் தொடங்க வேண்டும் என்று மூன்று வாரமாக யோசித்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. ஊசி தப்பான செல்லைப் போய் அடிக்கிறது, அது கிருமியைத் தடுக்கும் செல், எலிகள் செத்துப்போகின்றன, இன்று காலையும் செத்தது என்று துண்டு துண்டாகச் சொன்னாள். உடனே ஆபத்து என்று அர்த்தம் இல்லை, ஆனால் காய்ச்சல் வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது, இப்போதே டாக்டரைக் கூப்பிட வேண்டும் என்றும் சொன்னாள்.

விராக் முழுதும் கேட்டாள். பிறகு கவுனைச் சரிசெய்துகொண்டாள்.

"இது எப்போ தெரிஞ்சுது உங்களுக்கு?"

"மூணு வாரம் ஆச்சு."

"மூணு வாரம்." அதை மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். "அப்போ நான் கேட்டப்போ உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"போட்டுப்பேன்னு சொன்னீங்க."

எமெஷெ தரையைப் பார்த்தாள். அதற்குச் சொல்ல அவளிடம் காரணங்கள் இருந்தன. விராக்கின் முகத்தில் அன்று இருந்த ஆசை. இன்னும் ஒரு தடவை சோதித்துவிட்டுச் சொல்லலாம் என்ற நினைப்பு. மாமனாரின் விருந்து. ஒவ்வொன்றும் அந்தந்த நாளில் சரியான காரணமாகத்தான் தெரிந்தது. இந்த அறையில் ஒன்றும் நிற்கவில்லை.

"அப்பா சொன்னதுக்காக நான் சரின்னு சொல்லல அண்ணி" என்றாள் விராக். "அப்பா எப்பவுமே நம்பிக்கையாத்தான் பேசுவார். அம்மா சாகறதுக்கு முதல் நாள்கூட நம்பிக்கையாத்தான் பேசினார். இந்த வீட்டுல பூசி மெழுகாம பேசற ஆளு நீங்க ஒருத்திதான்னு நினைச்சேன். அதனாலதான் உங்களைக் கேட்டேன்."

அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எமெஷெக்குத் தாங்கிக்கொள்வது சுலபமாக இருந்திருக்கும்.

"போன் பண்ணுங்க" என்றாள் விராக். "டாக்டர்கிட்ட பேசுங்க. நான் இங்கேயே நிக்கறேன். எனக்குக் கேக்கற மாதிரி பேசுங்க."

*

சோதனையை நடத்தும் டாக்டர் ஃபோதோர் போனை எடுத்தபோது பின்னால் குழந்தைகள் சத்தம் கேட்டது. எமெஷெ பேசப் பேச அந்தச் சத்தம் தூரமாகப் போனது. எழுந்து வேறு அறைக்குப் போயிருப்பார்.

புதிதாக ஒரு முடிவு கிடைத்திருக்கிறது என்றுதான் அவரிடம் தொடங்கினாள். எத்தனை நாள் புதிது என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. விராக் அதைக் கவனித்தாள். கவனித்ததை எமெஷெயும் பார்த்தாள்.

விராக்கை உடனே கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள், நான்கைந்து நாள் கண்ணெதிரே வைத்துப் பார்க்க வேண்டும் என்றார் ஃபோதோர். காய்ச்சல் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றாள். ஒளிர்ந்த எலி, ஒளிராத எலி எல்லாப் படங்களும் தனக்கு வர வேண்டும் என்றார். கடைசியாக ஒன்று கேட்டார்.

"லோராண்டுக்குத் தெரியுமா?"

"இல்லை."

"நீங்க சொல்றீங்களா, இல்ல நான் அவரைக் கூப்பிடட்டுமா?"

நானே சொல்கிறேன் என்றாள். போனை வைத்ததும் விராக் பக்கம் திரும்பினாள். அப்பா பேசி முடிக்கட்டும், அதுவரைக்கும் காத்திருக்கலாமா என்று அவளிடமே கேட்கத் தோன்றியது. வாயைத் திறக்கவும் செய்தாள்.

விராக் அதைக் கண்டுபிடித்துவிட்டாள். "இன்னமுமா அண்ணி?" என்றாள்.

*

படகுத்துறைப் பலகையில் இரண்டு பேர் நிற்கத்தான் இடம். லோராண்ட் கையில் சோடா கலந்த ஒயினோடு வந்தார். மேசையில் யாரோ சொன்ன நகைச்சுவைக்கு இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். என்னம்மா ரகசியம், சம்பளம் கூட்டிக் கேட்கப் போகிறாயா, நான்தான் நாளையிலிருந்து செல்லாக்காசு ஆயிற்றே என்றார்.

எமெஷெ இந்தத் தடவை சுற்றி வளைக்கவில்லை. "மாமா, அந்த ஜீன் குழாய்ச் செல்லுல வேலை செய்யல. காவல் செல்லுல செய்யுது" என்றாள்.

அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. ஒயினைப் பலகையில் வைத்துவிட்டு, முப்பது வருஷமாக மாணவர்களைக் கேட்ட அதே தொனியில் கேட்கத் தொடங்கினார்.

"உன் குழாய் எலிக்கு ஒளிரவே முடியலைன்னா? பல்பே போடாத வீட்டுல இருட்டா இருக்குன்னு சொன்ன மாதிரி ஆயிடுமே?"

"அதையும் பார்த்தேன் மாமா. குழாய்ச் செல்லுல எப்பவும் வேலை செய்யற இன்னொரு ஜீனுக்கு அதே விளக்கை வெச்சுப் பார்த்தேன். நல்லா ஒளிருது."

"காவல் செல் வெளிச்சம் பக்கத்துல கசிஞ்சிருந்தா?"

"ஈரல்லேர்ந்து ரெண்டு வகைச் செல்லையும் தனித்தனியா பிரிச்செடுத்தும் பார்த்தாச்சு. அதேதான்."

"நோய் வந்த எலியிலயுமா?"

"நோய் வந்த எலியிலதான் ரொம்ப."

அவர் ஆற்றைப் பார்த்தார். ஒரு நிமிஷம் அவர் முகத்தில் வந்தது வருத்தம் இல்லை. அவள் அதைப் பிற்பாடு பல நாள் நினைத்துப் பார்க்கப்போகிறாள். அது ஒரு வகை வியப்பு. "குழாய் நாசமாகிற இடத்துல காவல் செல் போய்க் குவியும். குவிஞ்சதைத்தான் நாங்க அரைச்சுப் பார்த்திருக்கோம்" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டார். "ரொம்ப நல்லா பண்ணியிருக்கம்மா."

அந்தப் பாராட்டு அவளை அறைந்த மாதிரி இருந்தது.

பிறகுதான் அவருக்கு அது உறைத்தது. பலகையின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வியாழக்கிழமை, அவர் ஓட்டிய கார், பக்கத்தில் பாட்டுப் பாடிக்கொண்டே வந்த மகள், எல்லாம் அந்த முகத்தில் வந்து போனதை எமெஷெ பார்த்தாள்.

"விராக்குக்குத் தெரியுமா?"

"இப்பதான் சொன்னேன். ஃபோதோர்கிட்டயும் பேசிட்டேன். உடனே கூட்டிட்டு வரச் சொல்றார்."

"எப்போ பார்த்த இதை?"

மூன்று வாரம் என்று இரண்டாவது தடவையாகச் சொன்னாள்.

"ஏன் எங்கிட்ட வரல?"

"மாமா, இன்னைக்கு உங்க விருந்து. உங்களை இப்படி அனுப்ப வேண்டாம்னு..."

லோராண்ட் அவளை நேராகப் பார்த்தார். "என் விருந்துக்காகவா என் பொண்ணை விட்ட?"

பதிலுக்கு அவர் நிற்கவில்லை. அவளைத் தாண்டி மேட்டில் ஏறிப் போனார். இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். காலையில் இஸ்திரி மடிப்போடு இருந்த சட்டை முதுகில் நனைந்து ஒட்டியிருந்தது.

*

விருந்தில் அவர் பேசியது ரொம்பக் கொஞ்சம். மேசையின் முனையில் நின்றார். எல்லோரும் கோப்பையைத் தூக்கினார்கள்.

"தூக்காதீங்க" என்றார். "நான் தப்பான செல்லைப் பார்த்திருக்கேன். ஆரம்பத்துலேர்ந்தே. எமெஷெ கண்டுபிடிச்சிருக்கா. அந்த மருந்தை என் பொண்ணு உடம்புல ஏத்தியாச்சு, இப்போ அவ ஆஸ்பத்திரிக்குப் போறா. குழம்பு ஆறிடும், நீங்க எல்லாரும் சாப்பிடுங்க."

யாரும் கரண்டியை எடுக்கவில்லை. பாலிண்ட் கொப்பரைப் பக்கத்தில் பரிமாறும் அகப்பையோடு நின்றிருந்தான். அப்பாவைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான், கடைசியில் மனைவியைப் பார்த்தான். இருபது பேரோடு சேர்ந்துதான் அவனுக்கும் தெரிய வேண்டியிருந்தது. அகப்பையைக் கொப்பரைக்குள்ளேயே விட்டுவிட்டுக் கார் சாவியை எடுக்கப் போனான்.

மகளோடு போகத்தான் லோராண்டுக்கு ஆசை. காரின் கதவில் கையையும் வைத்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டு, எல்லாப் படங்களும் ஃபோதோருக்கு இன்றைக்கே போக வேண்டும், அதற்கு முன்னால் தானும் ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். ஒரு பழைய மாணவர் அவரை லேபுக்குக் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்னார். விராக் கண்ணாடியை இறக்கி அப்பாவின் கையைப் பிடித்தாள்.

எமெஷெ முற்றத்தில் தனியாக நின்றாள். பின்கதவைத் திறக்கும் தைரியம் அவளுக்கு வரவில்லை.

"நீ இங்கயே இரு" என்றான் பாலிண்ட், அவளைப் பார்க்காமலே.

"அவங்க வரட்டும்" என்றாள் விராக் முன்சீட்டிலிருந்து. "டாக்டர் கேக்கறதுக்கெல்லாம் பதில் சொல்ல ஆள் வேணும். உனக்கும் எனக்கும் என்ன தெரியும்?"

அதில் மன்னிப்பு இல்லை. அப்படி நினைத்துக்கொண்டுவிடக் கூடாது என்று எமெஷெக்குத் தெரிந்தது. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

*

நெடுஞ்சாலையில் சூரியகாந்தி வயல்கள் வந்துகொண்டே இருந்தன. பாலிண்ட் ஒரே ஒரு தடவை, அரிப்பு இருக்கிறதா என்று தங்கையைக் கேட்டான். இல்லை என்றாள் அவள். அதுதான் வேடிக்கை என்று சேர்த்துக்கொண்டாள்.

எமெஷெ தன் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தாள். ஊசியின் வீரியம் எத்தனை நாளில் குறையும், காவல் செல்கள் எப்போது விழிக்கும், அதுவரைக்கும் விராக்கை எந்தக் கிருமியிடமிருந்தெல்லாம் காப்பாற்ற வேண்டும். நாலு நாள் தாண்டினால் பாதித் தூரம் கடந்த மாதிரி. விராக்குக்கு ஒன்றும் ஆகாமல் போனால், என்றாவது ஒரு நாள் அதே சமையலறையில் இரண்டு பேரும் மறுபடி நிற்கலாம். அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டாள்.

ஃபோதோரின் அழைப்பு வந்தது. விராக்தான் எடுத்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

எங்கே வந்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். குரலில் அவசரம் தெரிந்தது. பிறகு எமெஷெ காரில் இருக்கிறாளா என்றார்.

"இருக்கேன் டாக்டர்."

"நீங்க பேசினதும் மத்தவங்களுக்கெல்லாம் போன் போட ஆரம்பிச்சோம். ஒரு அம்மா எடுக்கல. பக்கத்து வீட்டுக்காரரைப் போய்ப் பார்க்கச் சொன்னோம். ரெண்டு நாளா காய்ச்சலாம். சாதாரண ஜுரம்னு மாத்திரை போட்டுக்கிட்டு படுத்திருக்காங்க. இப்ப கூட்டிட்டு வந்திருக்கு. நினைவு தப்பித் தப்பி வருது."

விராக் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வியாழக்கிழமை அங்கே காத்திருக்கும்போது ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் என்றாள். மறுபரிசோதனைக்கு வந்தவள். பஸ் ஓட்டுகிறவள். உப்பு ரொட்டி கொண்டுவந்திருந்தாள், பாதியைப் பிய்த்துக் கொடுத்தாள். "அவங்களா டாக்டர்?"

பெயர் சொல்லக் கூடாது என்றார் ஃபோதோர். இல்லை என்று சொல்லவில்லை.

"எமெஷெ, எனக்கு ஒரு தேதி வேணும். இந்த முடிவு முதல்ல எப்போ வந்தது?"

எமெஷெ அன்று மூன்றாவது தடவையாக அதைச் சொன்னாள். முதல் தடவை எலி செத்த தேதியையும் சேர்த்துச் சொன்னாள். பாலிண்ட் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். அவனுக்கு இதுவும் புதிது.

போனில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு ஃபோதோர் சொன்னார்:

"இந்த அம்மாவுக்கு ஊசி போட்டது போன வாரம்தான்."

அவர் வைத்துவிட்டார்.

பன்னிரண்டு பேர் என்று எமெஷெக்கு எப்போதும் தெரியும். எண்ணிக்கையாகத் தெரியும். மூன்று வாரமும் அவள் தூக்கத்தைக் கெடுத்தது ஒரே ஒரு முகம்தான். குற்றம் செய்கிறோம் என்று துடித்தபோதுகூட, இந்த வீட்டுக்குள் இருக்கிறவர்களுக்குச் செய்வதாகத்தான் துடித்தாள். மீதிப் பதினொரு பேரை அவள் ஒரு தடவைகூட நினைத்ததில்லை.

விராக் போனை மடியில் வைத்துக்கொண்டு வெளியே வயலைப் பார்த்தாள்.

"பாவம்" என்றாள். "அவங்களுக்கு லேப்ல அண்ணி யாரும் இல்ல, போய்க் கேக்கறதுக்கு."

பாலிண்ட் வண்டியின் வேகத்தைக் கூட்டினான்.